திருப்பி அனுப்பப்பட்டவர்களை எண்ணுங்கள்

2018 ஜனவரியில் டெல்லி ரேஷன் கடைகளுக்கு, ஆதாரோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் விரல் ரேகைக் கருவி வந்தது. சிக்னல் கிடைக்கவில்லை, உழைத்துத் தேய்ந்த ரேகைகளைக் கருவி ஏற்கவில்லை. அட்டை இருந்தும் பலர் கோதுமையும் அரிசியும் இல்லாமல் திரும்பினார்கள். ஏப்ரலில் டெல்லி அரசே திட்டத்தை நிறுத்திவைத்தது. 2021 ஜூலையில், ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’யோடு கருவி திரும்பி வந்தது. 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கையோ, ரேகைச் சரிபார்ப்பு ஏன் தோற்கிறது என்று ஆராயும் ஏற்பாடே ஆதார் ஆணையத்திடம் இல்லை என்று சுட்டிக்காட்டியது. ஆணையம் தொடங்கி அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. எத்தனை கோடிப் பரிவர்த்தனை நடந்தது என்று எண்ணுவது மட்டும் கண்காணிப்பு ஆகாது. எத்தனை பேர் வெறும் பையோடு திரும்பினார்கள், ஏன், பிறகாவது அவர்களுக்குப் பொருள் கிடைத்ததா என்று கேட்பதுதான் மதிப்பீடு. ரேஷன் கடைகளில் அவ்வப்போது சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அந்தத் தணிக்கையில் கருவியையும் சேருங்கள். தோல்விக் கணக்கை மாதந்தோறும் கடை வாசலில் எழுதி வையுங்கள். பசித்தவரைக் கணக்கில் எடுக்காத கட்டமைப்பு பொதுக் கட்டமைப்பு அல்ல.