பரண் மேல ஓடுது ரயில்... கட்ட ஒருத்தர் போதும், ஓட்ட இரண்டு பேர் வேணும்! | இந்த வாரக் கிறுக்கு

ராட் ஸ்டூவர்ட் என்ற பெயரை உங்கள் வீட்டில் யாராவது கேள்விப்பட்டிருக்கலாம். கரகரக் குரல், குத்திட்டு நிற்கும் தலைமுடி, பல தலைமுறைகளாகப் பாடிக்கொண்டிருக்கும் பிரிட்டிஷ் ராக் ஸ்டார். கச்சேரிக்காக ஊர் ஊராகப் போகும்போது ஹோட்டலில் அவர் ஒரு விநோதமான கோரிக்கை வைப்பார். கூடுதலாக ஓர் அறை வேண்டும், அதில் கட்டில் இருக்கக் கூடாது, காற்றோட்டத்துக்கு ஃபேன் வேண்டும்!

பார்ட்டிக்காக இல்லை. அந்த அறைக்குள் உட்கார்ந்து குட்டிக் குட்டிக் கட்டடங்கள் செய்துகொண்டிருப்பார் மனுஷன். பெயின்ட், பசை வாசனை போக வேண்டுமே, அதற்குத்தான் ஃபேன்.

அந்தக் கட்டடங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம், அவருடைய லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுப் பரண். 2019-ல் 'ரயில்வே மாடலர்' என்ற பிரிட்டிஷ் இதழில் அதன் படங்கள் வந்தபோது உலகமே வாயைப் பிளந்தது. 1940-களின் நியூயார்க், சிகாகோ சாயலில் வானளாவிய கட்டடங்கள், பாலங்கள், தெருக்கள், நடுவே ஓடும் ரயில்கள். பெயர், 'கிராண்ட் ஸ்ட்ரீட் அண்ட் த்ரீ ரிவர்ஸ் சிட்டி'. பரப்பளவு சுமார் 1,500 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒரு த்ரீ பெட்ரூம் ஃப்ளாட். கட்டி முடிக்க 23 வருடங்கள்.

இதையெல்லாம் அவரே செய்திருக்க மாட்டார் என்ற தொனியில் ஒரு ரேடியோ நிகழ்ச்சியில் பேச்சு வர, அவரே அந்த நிகழ்ச்சிக்கு போன் போட்டார். 90 சதவிகிதம் என் கையால் கட்டியது, எலெக்ட்ரிக்கல் வேலை மட்டும் எனக்கு வராது, அதற்குத்தான் ஆள் வைத்தேன் என்று விளக்கம் கொடுத்தார். அந்த 'ஆள் வைத்தேன்' என்ற வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பரண் என்றால் நம் பரண் இல்லை

நம் வீட்டுப் பரணில் கொலு பொம்மைப் பெட்டி, பித்தளை அண்டா, போன வருஷ கேலண்டர் இருக்கும். ஆள் உள்ளே போக முடியாது, கைதான் போகும். பிரிட்டனில் பரண் என்பது சாய்வான ஓட்டுக் கூரைக்கும் மாடி சீலிங்குக்கும் நடுவே இருக்கும் முக்கோண இடம். கையில் ஒரு டார்ச்சோடு ஏணி போட்டு ஏறிப் போகலாம். வீட்டில் யாருக்கும் தேவைப்படாத ஒரே இடம் அதுதான் என்பதால், ரயில் பிரியர்களுக்கு அது பட்டா போட்டுக்கொடுத்த நிலம் மாதிரி.

ஆனால், சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். அந்த 'தரை', தரையே இல்லை. கீழ் அறையின் சீலிங்கைத் தாங்கிப் பிடிக்கும் மரச்சட்டங்கள்தான் வரிசையாக இருக்கும். சட்டத்தின் மீது கால் வைக்காமல் நடுவில் வைத்தால், கீழே படுக்கையறையில் இருப்பவர்களுக்கு உங்கள் கால் தரிசனம் கிடைக்கும். 1960-களுக்குப் பிறகு கட்டிய பல வீடுகளில் கூரையைத் தாங்க 'டபிள்யூ' வடிவில் மரக்கட்டைகள் குறுக்கே போகும். ரயிலுக்கு வழிவிட அதில் ஒன்றை அறுத்தால், கூரையே நம்மிடம் வந்துவிடும். அதனால், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கூப்பிடுவது ரயில் கடைக்காரரை அல்ல, கட்டடப் பொறியாளரை.

அடுத்து, தட்பவெப்பம். கூரைக்கு நேர் கீழே இருப்பதால், கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ் பெட்டி. தண்டவாளம் உலோகம் ஆச்சே... 10 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் சுமார் 5 மி.மீ நீளும். இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்தால் வெயில் நாளில் நெளிந்து நிற்கும். நிஜ ரயில்வே எதிர்கொள்ளும் அதே பிரச்னை, பரணிலும் அதே பிரச்னை!

ஒரு மைல் என்பது 21 மீட்டர்

'நிஜம் மாதிரி' என்று சொல்கிறோமே, அது முழுக்க முழுக்கக் கணக்கு. பிரிட்டனில் அதிகம் புழங்கும் அளவுக்கு 'ஓஓ' என்று பெயர். நிஜத்தில் ஓர் அடி, மாடலில் 4 மி.மீ. அதாவது 76-ல் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் ஒரு மைல் என்பது 21 மீட்டர். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸ், நம் கண் முன்னே நொடிக்கு 35 செ.மீ நகர்ந்தால் போதும். குழந்தைகள் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தால் பறக்குமே, அது நிஜத்தில் விமான வேகம்.

6 மீட்டர் நீளப் பரண் பெரிதாகத் தோன்றும். நிஜக் கணக்கில் அது சுமார் 457 மீட்டர்தான். இன்ஜினும் 8 பெட்டிகளும் சேர்ந்த ரயிலே கிட்டத்தட்ட 2.4 மீட்டரை எடுத்துக்கொள்ளும். பிறகு ஸ்டேஷனை எங்கே வைப்பது, வளைவை எங்கே வைப்பது? அதனால் 8 பெட்டிகள் 5 ஆகும், பிளாட்பாரம் சுருங்கும், ஊர் பாதியாகும். எதை வெட்டினால் கண்ணுக்குத் தெரியாது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் இந்தக் கலையின் பாதி. சினிமா எடிட்டர் வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதையைக் கொண்டுபோக, சுமார் 8 செ.மீ உயரம் ஏற்ற வேண்டும். 50-க்கு 1 என்ற சரிவில் ஏற்றினால் 4 மீட்டர் ஓட வேண்டும். அவசரப்பட்டுச் செங்குத்தாக ஏற்றினால் இன்ஜின் சக்கரம் வழுக்கி, பாதி வழியில் நின்றுவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிஜ தண்டவாளத்தின் அகலம் 1,435 மி.மீ. துல்லியமாக 76.2-ஆல் வகுத்தால் 18.83 மி.மீ வர வேண்டும். ஆனால், 'ஓஓ' தண்டவாளம் 16.5 மி.மீதான். காரணம், பிரிட்டிஷ் இன்ஜின்கள் ஐரோப்பிய இன்ஜின்களைவிடச் சிறியவை. 87-ல் ஒரு பங்கு என்ற ஐரோப்பிய அளவில் செய்தால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. அதனால் உடம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். சட்டை ஒரு சைஸ், பேன்ட் ஒரு சைஸ்! சுமார் 2.3 மி.மீ வித்தியாசம். இதைத் தாங்க முடியாமல் 18.83 மி.மீட்டரில் தாங்களே தண்டவாளம் செய்துகொள்ளும் கறார் பேர்வழிகளும் இருக்கிறார்கள்.

அழுக்குதான் அழகு

பெட்டியில் இருந்து எடுத்த இன்ஜின் பளபளவென்று இருக்கும். அதனால்தான் அது பொம்மையாகத் தெரிகிறது. நிஜ இன்ஜினின் மேல் கரி, சக்கரத்தில் பிரேக் துகள், ஓரங்களில் துரு இருக்கும். எனவே, காசு கொடுத்து வாங்கியதன் மேல் பிரஷ்ஷை எடுத்து அழுக்கு பூசுவார்கள். தண்டவாளத்துக்கு இடையே குட்டி ஜல்லியைத் தூவி, பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றுவார்கள். அந்த ஒரு சொட்டு இல்லையென்றால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும். அம்மாக்களுக்குத் தெரிந்த விஞ்ஞானம்தான்.

கட்டியாச்சு... அப்புறம்?

இந்தக் கேள்வியில்தான் பலருடைய ரயில் நின்றுபோகிறது. வட்டமாக ஓடும் ரயிலை எத்தனை நாள் பார்க்க முடியும்? பத்தாவது சுற்றில் போனைக் கையில் எடுத்துவிடுவோம். அதனால், தேர்ந்தவர்கள் ரயிலை 'சுற்ற'விடுவதில்லை, 'நடத்து'கிறார்கள். நேர அட்டவணை உண்டு. பால் வண்டி எப்போது, கூட்ஸ் எப்போது, எந்த வண்டி எதற்கு வழிவிட வேண்டும் என்று எல்லாமே எழுதிவைத்திருப்பார்கள். வேலை முடிந்த ரயில்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு யார்டுக்குள் போய் நிற்கும். நாடக மேடைக்குப் பக்கவாட்டுத் திரை மாதிரி. அங்கே நிற்கும்போது அது 'லண்டனுக்குப் போய்விட்டது' என்று அர்த்தம்.

இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே பேச்சு மணியில்தான். ஒரு தட்டு தட்டினால், 'கவனிக்கிறீர்களா?' நான்கு தட்டு தட்டினால், 'எக்ஸ்பிரஸ் வருகிறது, பாதை உண்டா?' அந்தப் பக்கம் இருப்பவர் அதையே திருப்பித் தட்டினால்தான் ரயில் கிளம்பும். வண்டி கிளம்பியதும் இரண்டு தட்டு. நிஜ பிரிட்டிஷ் சிக்னல்மேன்கள் பயன்படுத்திய அதே மொழி. நம் ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் கேட்கும் 'டிங் டிங்'கும் இந்தக் குடும்பத்துச் சொந்தம்தான்.

பிரச்னை என்னவென்றால், மணி அடித்தால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே!

பீட்டர் டென்னி என்ற ஆங்கிலிகன் பாதிரியாரின் கதை இங்கேதான் வருகிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் ஆரம்பித்து, பக்கிங்ஹாம் என்ற நிஜ ஊருக்குக் கற்பனையாக ஒரு கிளைப்பாதை கட்டினார். காலம், 1907. இன்ஜின், பெட்டி, கட்டடம் என்று பெரும்பாலும் அவர் கையால் செய்தவை. மணியடித்து, அட்டவணைப்படி நடத்தப்பட்ட ரயில் அது. மறுமுனையில் இருந்து ஓட்டியவர்களில் அவர் மகன் கிறிஸ்பினும் ஒருவர்.

பிள்ளைகள் எப்போதும் கூடவே இருப்பார்களா? மகன் இல்லாத நேரங்களில் ரயிலை நடத்த டென்னி ஒரு இயந்திரம் செய்தார். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. இவர் மணியடித்தால் அந்த இயந்திரம் பதிலுக்கு மணியடிக்கும், அட்டவணைப்படி அடுத்த ரயிலுக்கு வழி ஏற்படுத்தும். அதற்கு அவர் வைத்த பெயர், 'ஆட்டோமேட்டிக் கிறிஸ்பின்'.

உலக மாடல் ரயில் வட்டாரத்தில் இதை ஒரு தொழில்நுட்ப சாதனையாகத்தான் பேசுவார்கள். எனக்கு என்னவோ அந்தப் பெயர்தான் மனதில் நிற்கிறது. வேறு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்திருக்கலாமே... 2009-ல் டென்னி காலமானார். அந்த ரயில் குப்பைக்குப் போகவில்லை. இன்னோர் ஆர்வலர் அதைப் பொறுப்பெடுத்து, தொடர்ந்து பராமரித்தார். ரயிலை மட்டுமல்ல, மணிக்குப் பதில் சொல்லும் வேலையையும் ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லலாம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இன்னொரு அப்பா. கனடா நாட்டுப் பாடகர் நீல் யங். அவருடைய மகனுக்கு செரிப்ரல் பால்ஸி. சாதாரண கன்ட்ரோலரைக் கையாள்வது சிரமம். மகன் தானே ரயிலை இயக்க வேண்டும் என்பதற்காகவே பிரத்யேகக் கருவிகளை உருவாக்குவதில் இறங்கினார் நீல் யங். 1995-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற லயனல் மாடல் ரயில் கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவராகவே ஆகிவிட்டார். ஒருவர் மகன் இல்லாத இடத்தை இயந்திரத்தால் நிரப்பினார், இன்னொருவர் மகனை உள்ளே கொண்டுவர இயந்திரம் செய்தார்.

வெளியிலிருந்து பார்த்தால், ஏணியை மேலே இழுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் ஆளின் பொழுதுபோக்கு இது. வீட்டில் இருப்பவர்களின் கோபமும் அதுதான், 'அந்த மனுஷன் மேலேயே குடியிருக்கார்'. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால், கட்டுவதற்குத்தான் தனிமை போதும். நடத்த ஆரம்பித்தால் கீழே இருந்து ஒருவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். ராட் ஸ்டூவர்ட்டுக்கு எலெக்ட்ரீஷியன், டென்னிக்கு கிறிஸ்பின்.

நம் வீட்டில் முடியுமா?

முடியும், ஆனால் பரணில் வேண்டாம். நம் வெயிலுக்கு முதலில் வேகப்போவது நீங்கள்தான். 'என்' என்று ஓர் அளவு இருக்கிறது. தண்டவாள அகலம் வெறும் 9 மி.மீ. நான்கடி நீளம், இரண்டடி அகலப் பலகை இருந்தால் ஒரு முழு வளையமும் ஒரு குட்டி ஸ்டேஷனும் அடங்கிவிடும். விளையாடி முடித்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கொலுப்படிக்குப் பக்கத்தில் பூங்கா, கோயில் குளம், கிராமம் என்று கடுகு விதைத்துப் புல்வெளி வளர்க்கும் வீடுகளுக்கு இதெல்லாம் புதுசா என்ன? கை பழகிய வேலைதானே!

ஒரு யோசனை மட்டும். பலகை வாங்கும்போதே இரண்டு காலிங் பெல் ஸ்விட்சும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒன்று உங்களிடம். இன்னொன்றை யாரிடம் கொடுப்பது என்று ரயில் வாங்கும் முன்பே யோசித்துவையுங்கள். ரிட்டயர் ஆன தாத்தாவிடம் கொடுத்துப் பாருங்களேன். நான்கு தட்டு தட்டினால், 'பாதை கிளியர்' என்று பதில் வராமலா போய்விடும்?