முப்பது நாள் அறிவிப்பை நீக்குக!

சார்பதிவாளர் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. மணம் செய்துகொள்ளப் போகும் இருவரின் பெயர், வயது, தொழில், தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி எல்லாம் அதில் இருக்கும். பல இடங்களில் புகைப்படமும் உண்டு. பத்திரப் பதிவுக்கு வந்த யாரும் அதைக் கைப்பேசியில் படம் பிடிக்கலாம். அடுத்த நிமிடமே அது சாதிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடலாம். வீட்டுக்குத் தெரியாமல் பதிவாளரை நாடிய இணையின் இருப்பிடம் இப்படித்தான் வெளியே தெரிகிறது. தெரிவிப்பது அரசு.

சாதியும் மதமும் கடந்து மணம் புரிவோருக்காகவே 1954-ல் சிறப்புத் திருமணச் சட்டம் வந்தது. அதன் 5-வது பிரிவு, இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் முன்னறிவிப்பு தரவேண்டும் என்கிறது. 6-வது பிரிவு அதை எல்லோர் பார்வையிலும் படும்படி ஒட்டச் சொல்கிறது. 7-வது பிரிவின்படி, யார் வேண்டுமானாலும் 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுப்பலாம். உறவினராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இந்த அறிவிப்பு எப்படிப் பயன்படுகிறது என்பதைக் கேரளம் கண்டது. அங்கே இணையத்தில் வெளியான அறிவிப்புகளைத் திரட்டி, வேற்று மத இணைகளின் விவரங்களை மதவெறிப் பிரசாரத்துக்குப் பரப்பினார்கள். 2020 ஜூலையில் அம்மாநில அரசு இணையத்தில் பதிவேற்றுவதை நிறுத்தியது. பலகையில் ஒட்டுவதை நிறுத்த முடியவில்லை. அது சட்டத்திலேயே இருக்கிறது.

ஏமாற்றுத் திருமணத்தையும் இருதார மணத்தையும் தடுக்க அறிவிப்பு தேவை என்கிறார்கள் சிலர். மகளின் எதிர்காலத்தை எண்ணிப் பெற்றோர் பதறுவதும் இயல்பே. ஆனால், 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் இப்படியொரு முன்னறிவிப்பு கிடையாது. பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணத்தில் ஏமாற்று நடக்காதா? முதல் மனைவியை மறைத்து மணப்பவரைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டம் இருக்கிறது. வயதையும் திருமண நிலையையும் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம் மூலம் பதிவாளரே சரிபார்க்கலாம். அதற்கு ஊர் சாட்சி வேண்டியதில்லை.

ஒரே மதத்துக்குள் பெரியவர்கள் நிச்சயித்த மணம் என்றால் நம்பிக்கை. தாமே தேர்ந்த மணம் என்றால் சந்தேகம். இந்தப் பாகுபாட்டுக்கு நியாயம் எதுவும் இல்லை.

தமிழகத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்த மாநிலம் இது. அந்தத் திருமணத்தைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்ப்புக்கு அஞ்சும் இணையை ஊரறிய மணக்கச் சொல்வது அவர்கள் உயிருக்கே உலை வைக்கும் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தனர். ஆனால், 7-ஏ இரு இந்துக்களுக்கு மட்டுமே பொருந்தும். இந்துப் பெண் முஸ்லிமை அவரவர் மதத்தில் இருந்தபடியே மணக்க வேண்டுமானால், பலகை ஏறாமல் வழியில்லை. மதம் மாறி மணக்கலாம் என்றால், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் மாவட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இரு பக்கமும் கதவு அடைபடுகிறது.

நீதிமன்றங்கள் இதைப் பலமுறை சுட்டிக்காட்டிவிட்டன. அறிவிப்பை இணையின் வீட்டு முகவரிக்கு அனுப்பும் வழக்கத்தை 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கண்டித்தது. அறிவிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்பது இணையின் விருப்பம் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது. ஆணவக்கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் ஆகியவற்றை 2018-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஒரு கையால் பாதுகாப்பு இல்லம் கட்டிவிட்டு, மறு கையால் முகவரியைப் பலகையில் ஒட்டுவது என்ன நியாயம்?

2003-ல் விருத்தாசலம் அருகே கண்ணகி–முருகேசன், 2016-ல் உடுமலைப்பேட்டை கடைவீதி, 2025-ல் திருநெல்வேலி என்று ஆணவக்கொலைகள் தொடர, இந்த மண்ணில் ரத்தம் காயவில்லை. இக்கொலைகள் எல்லாம் பலகையைப் பார்த்து நடந்தவை என்று நாம் சொல்லவில்லை. கொல்லத் துணிபவர்களுக்குத் தகவலையும் ஒரு மாத அவகாசத்தையும் அரசே தரக் கூடாது என்கிறோம்.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் அறிவிப்பு, ஆட்சேபப் பிரிவுகளை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். அதுவரை தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. திருமணம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறலாம். ஆணவக்கொலைகளுக்கு எதிரான தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. அந்தத் தனிச் சட்டத்தோடு இந்தத் திருத்தமும் சேர்ந்தே வரவேண்டும். கொலைக்குப் பின் தண்டிக்கும் சட்டம் அவசியம். கொலைக்கு முன் காக்கும் சட்டம் அதைவிட அவசியம். 1967-ல் முடிந்தது இன்றும் முடியும்.