பெரியப்பாவுக்கு எந்த ரைஃபிள் வாங்குவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நைட் ஷிஃப்ட் முடித்து நான் படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பூம்பாறையிலிருந்து பெரியப்பா போன்.

"பாப்பா, நீ பூரா நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்க? போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்ல எது நல்லதுனு பாத்துச் சொல்லு."

தூக்கம் போய்விட்டது. "எதுக்கு பெரியப்பா?"

"எதுக்கா? வந்து தோட்டத்தைப் பாரு. உருளைக்கிழங்கு ரெண்டு பாத்தியை ராவோட ராவா உழுதுட்டுப் போயிருக்கு. பன்னி. குட்டியோட எட்டு இருக்கும்."

கொடைக்கானலுக்கு டூர் போகிறவர்களுக்கு பூம்பாறை என்றால் படிப்படியாக இறங்கும் வயல்கள், பூண்டு, குழந்தை வேலப்பர் கோயில், ஒரு போட்டோ. அங்கே விவசாயம் செய்கிறவர்களுக்கு இரவு முழுக்க தகர டின் தட்டுவதும், டார்ச் அடிப்பதும், விடிந்ததும் சேதத்தைக் கணக்குப் பார்ப்பதும்தான். பெரியப்பாவுக்கு அறுபத்தி மூன்று வயது. பேரன் ஏதோ ஒரு வெளிநாட்டு வீடியோவைக் காட்டியிருக்கிறான். அதில் ஒருவர் இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் பன்றியை ஒரே தோட்டாவில் சாய்க்கிறார். அதிலிருந்து பெரியப்பாவின் பேச்செல்லாம் போல்ட் ஆக்‌ஷனாகிவிட்டது.

சரி, விசாரித்துவிடலாம் என்று இறங்கினேன். எனக்குத் துப்பாக்கி என்றால் சினிமாவில் பார்த்ததுதான். ரைஃபிள் கிளப் ஒன்றில் பயிற்சி கொடுக்கும் ஓர் அண்ணன் பொறுமையாக உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

போல்ட் என்பது துப்பாக்கியின் தாழ்ப்பாள். வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போகும். கீழே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் இதைக் கையால் செய்ய வேண்டும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் வந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகியும் இது ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டேன். "சுடுற நேரத்துல இதுல உள்ளே எந்தப் பாகமும் ஓடாது. இறுக்கிப் பூட்டியிருக்கும். அதனாலதான் ஒரே இடத்துல அடிக்கும்" என்றார். 1898-ல் ஜெர்மனியின் மவுசர் கம்பெனி கொண்டுவந்த அமைப்பைத்தான் இன்றைக்கும் பல கம்பெனிகள் கொஞ்சம் மாற்றிச் செய்கின்றன.

ஜிம் கார்பெட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1907-ல் சம்பாவத் பெண் புலியைச் சுட்டதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். மவுசர் போல்ட் வைத்ததுதான். பின்னாளில் அவர் துப்பாக்கியைக் குறைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கினார் என்பது தனிக் கதை. பழனி மலையிலும் வெள்ளைக்காரர்கள் காலத்தில் வேட்டை சர்வசாதாரணம். காட்டு மாடு, வரையாடு, புலி எதையும் விட்டுவைக்கவில்லை. பாடம் செய்யப்பட்ட விலங்குகள் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் செண்பகனூர் மியூசியத்துக்குப் போங்கள். சின்ன வயதில் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் தூங்கவில்லை.

அண்ணனிடம் அடுத்து கேட்டது: வேட்டைக்கு ஒன்று, குறி பார்த்துச் சுடும் போட்டிக்கு ஒன்று என்று தனித்தனியா, இரண்டுக்கும் ஒன்றே போதுமா?

தனித்தனிதான். வேட்டை ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். அதனால் மூன்று, நான்கு கிலோவுக்குள் இருக்கும், குழல் மெலிதாக இருக்கும். நாலு தோட்டா தொடர்ந்து சுட்டால் குழல் சூடாகி குறி நகர ஆரம்பிக்கும். போட்டி ரைஃபிள் எட்டு கிலோ வரை போகலாம். குழல் தடிமன். கட்டையைக் கன்னத்துக்கும் தோளுக்கும் தகுந்தபடி நீட்டி, உயர்த்தி, திருகி வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது கம்பெனி பெயரைவிட முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கட்டையைத்தானாம். துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறந்தால் குறி நேராகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அது உங்கள் துப்பாக்கி இல்லை. ரெடிமேட் சட்டை மாதிரிதான், அடுத்தவருக்குப் பொருந்துவது நமக்குத் தொளதொளக்கும்.

கொடைக்கானல் மாதிரி ஊருக்கு இன்னொன்றும் சொன்னார். மரக்கட்டை ஈரத்தில் உப்பும். உப்பிய கட்டை குழலைத் தொட்டால் போச்சு, நேற்று அடித்த இடத்தில் இன்று அடிக்காது. குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்துக் கடைசி வரை இழுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் தோட்டா. ஒரே கம்பெனியின் ஒரே வகைத் தோட்டாவில்கூட ஒரு பேட்ச் ஒரு குழலுக்கு ஒத்துப்போகும், இன்னொன்று போகாது. பெரிய வீரர்கள் பேட்ச் பேட்சாகச் சுட்டுப் பார்த்து, ஒத்துவருவதை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். நம்ம வீட்டில் அரிசி வாங்குகிற கதைதான்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பெரியப்பாவுக்கு மூன்று மாடல் பெயர் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை வந்திருந்தது. அப்போதுதான் அண்ணன் கேட்டார்: "லைசென்ஸ் எதுக்குனு போடுவாரு?"

1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவை எடுத்துப் படித்தேன். ஆச்சரியமாக இருந்தது. எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு அங்கேயே பாதி பதில் எழுதியிருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால், குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால் உள்ளே வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கி. இலக்குப் பயிற்சிக்கு என்றால், அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினருக்கு .22 ரைஃபிள் அல்லது ஏர் ரைஃபிள். ரைஃபிள் என்றாலே குழலுக்குள் திருகு திருகாக வரி வெட்டியிருக்கும். அந்த வரிதான் குண்டைச் சுழற்றி நேராக, தூரமாக அனுப்புகிறது. பயிரைக் காக்கக் கேட்பவருக்குச் சட்டம் அங்கே குறிப்பிடுவது வரி இல்லாத குழலைத்தான்.

ஏன் என்பது ஒரு கணக்குப் போட்டதும் புரிந்தது. சின்னதான .22 குண்டுகூட ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். .30-06 மாதிரி பெரிய ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டரையும் தாண்டும். படிவயல் சரிவில், ராத்திரி, பனிமூட்டத்தில், பன்றியைத் தவறவிட்ட குண்டு எங்கே போய் நிற்கும்? பெரியப்பா தோட்டத்துக்கு நேர் கீழே வீடுகள்.

அடுத்தது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. வேட்டைக்கான முயற்சியும் அதில் வேட்டைதான். அதாவது சுட்டுக் குறி தவறினாலும் வழக்கு வழக்குதான். காட்டு மாடு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைச் சுட்டால் மூன்றிலிருந்து ஏழு வருடம் வரை சிறை. போதாததற்கு 2013-ல் பழனி மலையின் அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு கொடைக்கானல் வன உயிரின சரணாலயமாகிவிட்டது.

"பன்னியைச் சுடலாம்னு அரசாங்கமே சொல்லிடுச்சே" என்று பெரியப்பா ஒரு நியூஸைப் பிடித்து வைத்திருந்தார். பாதி சரி. 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவு அது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். பெரியப்பா தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை ஓடுகிறது. மூன்று கிலோமீட்டர் இல்லை, முந்நூறு அடிகூட இருக்காது. சமவெளி விவசாயிக்காவது இதில் ஏதோ இருக்கிறது, மலைக்காரருக்கு ஒன்றுமே இல்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப இந்த நாட்டுல போல்ட் ஆக்‌ஷன் யாருக்குத்தான்மா?"

போட்டிக்குச் சுடுகிறவர்களுக்கு என்றேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர் பக்கத்துப் பையன் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கினாரே, ரயில்வேயில் வேலை பார்ப்பவர், அந்தப் போட்டிக்கு. மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலையில் சுட வேண்டும். ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் பத்துப் பாயின்ட் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பட்டன் அளவு. டெலஸ்கோப் வைக்க அனுமதி கிடையாது, சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் .22 போல்ட் ஆக்‌ஷன். கொல்கத்தா பக்கம் இஷாப்பூர் தொழிற்சாலையில் .22 செய்கிறார்கள். வெளிநாட்டு ரைஃபிள் இறக்குமதி செய்ய, பெரிய போட்டிகளில் தகுதி மதிப்பெண் எடுத்துக்காட்டியிருக்க வேண்டும். அதனால் புதிதாக வருகிறவர் எதையும் வாங்காமல் முதல் ஒரு வருடம் கிளப் துப்பாக்கியிலேயே பழகுவதுதான் புத்திசாலித்தனம் என்று அண்ணன் அழுத்திச் சொன்னார். பெரும்பாலானோர் ஏர் ரைஃபிளில்தான் ஆரம்பிக்கிறார்கள். பத்து மீட்டர் தூரம், தோட்டாச் செலவும் குறைவு.

"நம்ம அஜித் சுட்டாரே, அதுவா?" என்றார் பெரியப்பா. 2022-ல் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் அஜித் பதக்கம் வாங்கியது பிஸ்டலில். அதைச் சொன்னதும் பெரியப்பாவுக்கு ரைஃபிள் மேல் கொஞ்சம் மரியாதை குறைந்த மாதிரி தெரிந்தது.

பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீட்டு மனு கொடுக்கலாம் என்று நினைவுபடுத்தினேன். பாத்தியைச் சரி செய்வதற்கு முன்னால் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னேன். "எடுத்துட்டேன், எடுத்துட்டேன். உன் பெரியம்மா அதுக்குள்ள மண்ணை அணைக்கப் போனா, நிறுத்தி எடுத்தேன்" என்றார். போன தடவை கொடுத்த மனு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி மறுபடி கூப்பிட்டார். பின்னால் டின் சத்தம் கேட்டது. பன்றியா என்று பதறிக் கேட்டேன்.

"அது வந்துட்டுப் போயிருச்சு. இது பேரன் தட்டுறான், இன்னும் நிறுத்தலை." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, அந்த கிளப்புல ஏர் ரைஃபிள் பழக எட்டாவது படிக்கிற பையனைச் சேத்துக்குவாங்களா? லீவுக்கு உங்க அத்தை வீட்டுல மதுரையிலதான் இருப்பான்."

திங்கட்கிழமை விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.