அச்சிடாத படத்துக்கும் மை தீர்கிறது

ஆடி பிறந்தால் ராசிபுரம் பக்கம் ஸ்டுடியோக்காரர்களுக்கு வேலை பாதிதான். முகூர்த்தம் கிடையாது, ஆல்பம் ஆர்டர் கிடையாது. பள்ளிச் சேர்க்கைக்கு வரும் பாஸ்போர்ட் சைஸ் கூட்டமும் ஜூனோடு போய்விடும். ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்குப் போய்த் திரும்பும் புதுஜோடிகள் முன்பெல்லாம் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அதையும் செல்போன் பிடுங்கிக்கொண்டது. வருமானம் நின்ற அந்த மாதத்திலும் பிரின்டரில் மை மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

காலையில் சுவிட்சைப் போட்டதும் உள்ளே கடகடவென்று சத்தம் வருமே, அதுதான் ஹெட் கிளீனிங். மை வரும் துளை தலைமுடியைவிட மெல்லியது. சித்திரை வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நம் ஊரில் நாலு நாள் சும்மா கிடந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் மணப்பெண்ணின் முகத்தில் கோடு விழும். அதனால் மெஷின் தானாகவே மையை உறிஞ்சி வெளியே தள்ளித் துளையைக் கழுவுகிறது. இது தேவையில்லை என்று தொழில் தெரிந்த எவனும் சொல்லமாட்டான். கழுவியதற்கு எவ்வளவு மை போனது என்று யாரும் சொல்வதில்லை, என் சண்டை அதோடுதான்.

போட்டோ பிரின்டரில் ஆறு நிறம். வழக்கமான நான்கோடு லைட் சயான், லைட் மெஜந்தா. தோல் நிறத்தை நயமாகக் கொண்டுவருவது இந்த இரண்டும்தான். எங்கள் வேலையில் முதலில் தீர்வதும் அவைதான். கார்ட்ரிட்ஜ் மாடல்கள் பலவற்றில் ஒரு நிறம் தீர்ந்தால் மெஷின் மொத்தமாக நின்றுவிடும். புதியதை மாட்டியதும் காற்றை எடுக்கிறேன் என்று மற்ற நிறங்களையும் சேர்த்து இழுத்துக் கொட்டும். தொடாத கார்ட்ரிட்ஜ் தீர்வது இப்படித்தான்.

கொட்டியது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமானால் மெக்கானிக் மெஷினைக் கவிழ்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அடியில் பஞ்சு மாதிரி ஒரு பேட். வெளியே எடுத்தால் கருநீலமாக, கை கனக்க இருக்கும். கீழே விரித்த செய்தித்தாளில் நாலைந்து பக்கம் தாண்டி ஊறும். விரலில் பட்ட கறை இரண்டு நாள் போகாது. அத்தனையும் காசு கொடுத்து வாங்கிய நல்ல மை, ஒரு படத்திலும் ஏறாதது. பேட் நிறைந்துவிட்டதாக உள்ளிருக்கும் கணக்கு சொன்னால் மெஷின் அச்சிட மறுத்துவிடும். பேடைக் கழுவி வைத்தாலும் ஓடாது. கணக்கை ரீசெட் செய்ய வேண்டும், அதற்குத் தனிக் காசு. ஆக, எவ்வளவு கொட்டினோம் என்ற கணக்கு மெஷினிடம் இருக்கிறது. நமக்குத்தான் காட்டுவதில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு நிறுக்கிற தராசுக்குத் தொழிலாளர் துறை முத்திரை வைக்கிறது. மைக்கு அந்த மரியாதை கிடையாது. கார்ட்ரிட்ஜ் விளம்பரத்தில் சொல்லும் பக்கக் கணக்கு பெரும்பாலும் ஐஎஸ்ஓ 24711 தரப்படி எடுத்தது. அலுவலகப் பக்கங்களை இடைவிடாமல் அச்சிட்டு அளக்கிற சோதனை அது. எந்த வீட்டில், எந்தச் சின்னக் கடையில் இடைவிடாமல் அச்சிடுகிறார்கள்? அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2013இல் விட்டுவிட்டு அச்சிட்டுப் பார்த்தது. பல மாடல்களில் பாதி மைகூடத் தாளுக்கு வரவில்லை. சிலவற்றில் வந்தது 20, 30 சதவீதம்தான்.

கல்யாண மண்டபத்தில் உடனுக்குடன் படம் கொடுக்க வைத்திருக்கும் டிஎன்பி மாதிரியான, திரவ மை இல்லாத ரிப்பன் மெஷின்களில் இந்தத் தொல்லை இல்லை. டிஎஸ்-ஆர்எக்ஸ்1இல் ஒரு ரோல் 4க்கு 6 அளவில் 700 படம். ஆறு மாதம் கழித்துப் போட்டாலும் மிச்சம் அப்படியே இருக்கும். விலைதான் எல்லாருக்கும் கட்டாது.

கார்ட்ரிட்ஜுக்குப் பதில் பாட்டில் மையை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் வந்ததே பெரிய ஆறுதல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்குமுன் வெளியே பாட்டில் வைத்து டியூப் போட்டு ஓட்டினோம். இந்தோனேசியக் கடைக்காரர்களும் அதையே செய்ததைப் பார்த்துத்தான் எப்சன் 2010இல் அங்கே முதலில் டேங்க் பிரின்டரை இறக்கியது. மை மலிவானது, கொட்டுவது நிற்கவில்லை. மலிவான மை கொட்டினால் வலி குறைவு, அவ்வளவுதான்.

வாங்குபவரிடம் விவரத்தை மறைப்பது சில நாடுகளில் குற்றம். வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜை மெஷின் ஏற்காது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் எச்பிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. இங்கே பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் பிரின்டரின் பெயர் இல்லை.

முதல்முறை நிரப்ப எத்தனை மில்லி, ஒரு கிளீனிங்குக்கு எத்தனை மில்லி என்று பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். பேட் வாங்குபவரே மாற்றும்படி இருக்க வேண்டும். ரீசெட்டுக்குக் காசு கேட்கக் கூடாது. புது மாடல்கள் சிலவற்றில் பேட் கழற்றி மாட்டும் பெட்டியாகவே வருகிறது. முடியாத காரியம் இல்லை.

வீட்டில் பிரின்டர் வைத்திருப்பவர்கள் சுவர் சுவிட்சை அணைக்காமல் மெஷினின் பட்டனில் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் மூடிக்குள் போய் உட்காரும். வாரம் ஒரு சின்னக் கலர் படம் போடுங்கள். வருஷத்துக்கு நாலு படம் எடுக்கிற வீட்டுக்குப் போட்டோ பிரின்டரே வேண்டாம். பென் டிரைவை எடுத்துக்கொண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போங்கள், என் கடைக்குத்தான் வர வேண்டும் என்றில்லை.