குட்டி நீர்மூழ்கியும் பத்தாவது ஆளும்

'மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது' என்பது பழமொழி. குட்டி நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் விடுதி நண்பர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். பெரிய நீர்மூழ்கி நுழைய அஞ்சும் ஆழங்குறைந்த நீரில் அது நுழையும். கரையோர இரைச்சலும், அடித்தரையில் பட்டுச் சிதறும் எதிரொலியும் அதனை மறைத்துக் காக்கும். விலையும் குறைவு. வட கொரியாவும் ஈரானும் இவற்றைப் பலவாக வைத்திருப்பது இதனால்தான். பௌதிக மாணவனாகிய நான் இவற்றை மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன்: உள்ளே இருப்பவன் திரும்பி வருவானா? ஊரை விட்டு வந்து படிக்கும் நமக்குத் திரும்பும் வழியின் அருமை தெரியாதா? சிறிய கலத்தில் சிறிய மின்கலங்களே அடங்கும். தாய்க்கப்பல் சுமந்தோ இழுத்தோ கொண்டுவந்து விட வேண்டும். போவது அரிது, மீள்வது அதனினும் அரிது.

1941 டிசம்பர் 7-ல் பேர்ள் துறைமுகத்தைத் தாக்க ஜப்பான் 5 குட்டி நீர்மூழ்கிகளை அனுப்பியது. ஒவ்வொன்றிலும் இருவர். 9 பேர் மாண்டனர். பத்தாவது ஆள் கசுவோ சகமாகி. திசைகாட்டும் கருவி பழுதென்று அறிந்தும் புறப்பட்டவர். கலம் பவளப்பாறையில் சிக்க, கரையில் சிறைப்பட்டார். மாண்ட 9 பேரைப் போர்த் தெய்வங்கள் என்று கொண்டாடிய அரசு, பிழைத்தவர் பெயரை மறைத்துவிட்டது. பிழைத்தது குற்றமா?

1943 செப்டம்பர் 22-ல் நார்வேயில் நின்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் டிர்பிட்ஸின் அடியில் பிரிட்டிஷ் குட்டி நீர்மூழ்கிகள் வெடிகளை வைத்தன. ஒவ்வொன்றும் சுமார் 30 டன். டிர்பிட்ஸோ 40,000 டன்னுக்கு மேல். அப்பெருங்கப்பல் பல மாதங்கள் முடங்கியது. கலத்தலைவர்களான கேமரானும் பிளேஸும் சிறைப்பட்டனர். சிறையில் இருக்கும்போதே, 1944-ல், விக்டோரியா சிலுவை விருது அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. பிழைத்தவனைப் போற்றத் தெரிந்த நாடு அது. ஆயினும் அனுப்பிய 6 கலங்களில் ஒன்றுகூட வீடு திரும்பவில்லை!

பழங்கதை என்று தள்ளாதீர்கள். 1998-ல் தென் கொரியக் கடலில் மீன்வலையில் சிக்கியது ஒரு வட கொரியக் குட்டி நீர்மூழ்கி. உள்ளே 9 பேர், ஒருவரும் உயிரோடில்லை.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களில் பணிபுரியப் போகிறோம். ஆளின்றி நீருக்கடியில் இயங்கும் கலங்கள் வந்துவிட்ட காலம் இது. மீளாத வழிக்கு இயந்திரத்தை அனுப்புவோம். மனிதனை அனுப்பியே தீரவேண்டுமென்றால், அவன் மீளும் வழியை முதலில் வரைவோம். வெடியின் எடையைப் பிறகு கணக்கிடலாம்.