ஜெயில் தாண்டியவங்க மந்திரி ஆன கதை

இந்த வாரம் ஒரு குட்டிக் கட்சியோட கதை. படமா எடுத்தா இன்டர்வெல் வரைக்கும் விசில் பறக்கும். அதுக்கப்புறம்தான் மனசு கனக்கும்.

வருஷம் 1935. இலங்கையில் வெள்ளைக்காரர் ஆட்சி. லண்டன், அமெரிக்கா என்று படித்துத் திரும்பிய இளைஞர்கள் சிலர் 'லங்கா சமசமாஜக் கட்சி'யை ஆரம்பிக்கிறார்கள். பிலிப் குணவர்தன, என்.எம்.பெரேரா, கொல்வின் ஆர்.டி சில்வா, லெஸ்லி குணவர்தன... லெஸ்லிக்கு அப்போ 26 வயசுதான்! ஸ்டாலினோடு மோதிய ட்ராட்ஸ்கிதான் இவங்களுக்கு வழிகாட்டி.

உலகப் போரை எதிர்த்ததால் 1940-ல் ஜெயில். சும்மா இருப்பாங்களா? 1942 ஏப்ரலில் பிலிப், என்.எம்., கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி நாலு பேரும் கண்டி போகம்பரை சிறையிலிருந்து எஸ்கேப். உதவி செய்த ஜெயில் காவலரும் கூடவே கிளம்பிட்டார்! கடல் தாண்டி இந்தியா வந்தவர்கள், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்திலும் குதித்தார்கள்.

தைரியம் அதோடு நிற்கவில்லை. 1948-ல் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. எதிர்த்தார்கள். 1956-ல் 'சிங்களம் மட்டும்' சட்டம். ஊரே கொண்டாடிய நேரத்தில், 'ரெண்டு மொழின்னா ஒரு நாடு, ஒரே மொழின்னா ரெண்டு நாடு' என்கிற அர்த்தத்தில் எச்சரித்தார் கொல்வின். ஓட்டு போகும்னு தெரிஞ்சே பேசின பேச்சு அது.

இங்கேதான் இன்டர்வெல்.

1964-ல் கட்சி சிறிமாவோ அரசில் சேர்ந்தது. என்.எம். நிதியமைச்சர். கூடவே ஜெயில் தாண்டிய எட்மண்ட், 'இது வேணாம்' என்று பிரிந்து போனார். 1966-ல் தமிழுக்குக் கொஞ்சம் இடம் தரும் விதிமுறைகள் வந்தபோது, அதை எதிர்த்த ஊர்வலத்தில் சமசமாஜக் கட்சியும் நின்றது. 1970-ல் மறுபடியும் ஆட்சி. 1972-ல் புது அரசியல் சட்டம். சிங்களமே ஆட்சி மொழி, பௌத்தத்துக்கு முதலிடம். சிறுபான்மையினருக்கு இருந்த பழைய பாதுகாப்புப் பிரிவு காணோம். அதை உருவாக்கும் பொறுப்பில் இருந்த மந்திரி யார் தெரியுமா? அதே கொல்வின்!

அப்புறம்? 1975-ல் கூட்டணி அவங்களை வெளியே அனுப்பியது. 1976-ல் தமிழர் கட்சிகள் தனி நாடு கேட்டுத் தீர்மானம் போட்டன. 1977 தேர்தலில் சமசமாஜக் கட்சிக்குக் கிடைத்தது பூஜ்யம். ஒரு காலத்தில் என்.எம். உட்கார்ந்த எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில், தனி நாடு கேட்ட அமிர்தலிங்கம் உட்கார்ந்தார்.

யோசிச்சுப் பாருங்க. சிறைச்சாலையால் இவங்களை மாத்த முடியலை. 'உள்ளே போய் நல்லது செய்யலாமே' என்கிற நியாயம்தான் மாத்திடுச்சு. அந்த நியாயம் முழுப் பொய்யும் இல்லை, அதனாலதான் ஆபத்து. காலேஜ் எலெக்‌ஷனோ, நாளைக்கு வேலையோ... எங்கேயாவது உள்ளே நுழையும் முன்னாடி, எதை மட்டும் விட்டுத் தர மாட்டோம்னு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. உள்ளே போன பிறகு அடிக்கடி எடுத்துப் படிங்க!