பலகையின் இரு முனைகள்

நம் சிற்றூர்களில் ஒரு சங்கத்தைத் தொடங்குவது எளிது. அது தன் நான்காம் ஆண்டைக் காண்பதுதான் அரிது. இலக்கிய வட்டமாயினும், சதுரங்க மன்றமாயினும், வானம் பார்ப்போர் குழுவாயினும் போக்கு ஏறத்தாழ ஒன்றே. முதல் கூட்டத்திற்கு நாற்காலிகள் போதாமல் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வருவார்கள். மூன்றாம் ஆண்டில் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அமர்ந்திருப்பார்கள். அப்போதுதான் யாருக்கேனும் அந்த யோசனை பிறக்கும்: உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்போமே! படிவம் ஒன்று அச்சாகும். ‘கூட்டங்கள் பயனுள்ளவையாக இருக்கின்றனவா?’ என்ற வினாவுக்கு எதிரே ‘மிக நன்று, நன்று, பரவாயில்லை’ என மூன்று கட்டங்கள். வந்திருக்கும் நான்கைந்து பேரும் ‘நன்று’ என்பதில் குறியிடுவார்கள். படிவங்கள் அலமாரிக்குப் போகும். சில மாதங்களில் சங்கமும் அவற்றைப் பின்தொடர்ந்து அங்கேயே போய்ச் சேரும்.

கருத்துக் கேட்டல் என்னும் இந்தச் செயலைப் பற்றிச் சிந்திக்க, இலக்கிய வாசகர்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றக்கூடிய ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். அது மாதிரி ரயில் அமைப்போரின் சங்கங்கள். நான் எழுதுவது ஆலங்காயத்தை மனத்தில் வைத்து. இவ்வூருக்கு விண்மீன்களைக் காணும் வாய்ப்பு உண்டு. அருகிலுள்ள காவலூரில் 1986ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் தண்டவாளம் கிடையாது. ரயில் வேண்டுமெனில் வாணியம்பாடிக்கோ ஜோலார்பேட்டைக்கோ போக வேண்டும். பெங்களூர்க் கண்டோன்மென்ட்டிலிருந்து ஜோலார்பேட்டைக்கு 1864இலேயே பாதை வந்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ரயிலைத் தள்ளி நின்று பார்த்து வளர்ந்த ஊர்களின் பிள்ளைகளுக்கு, அதைக் கையளவில் செய்து பார்க்கும் ஆசை எழுவதில் வியப்பில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம், ஜோலார்பேட்டை ஆகிய ஊர்களின் ஆர்வலர்கள் பத்துப் பேர் கூடி நாளையே ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் ஒருவரையொருவர் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

நம் நாட்டில் இக்கலை பரவலாக வேர்கொள்ளவில்லை. புனேயில் ஜோஷி என்பவர் உருவாக்கி 1998இல் திறக்கப்பட்ட சிற்றுரு ரயில் காட்சியகம் போன்றவை அரிதான முயற்சிகள். மேலை நாடுகளில் இது நூறாண்டு கடந்த பழக்கம். லண்டனில் மாதிரி ரயில் சங்கம் 1910இலேயே தோன்றிவிட்டது. சங்கம் தேவைப்படுவதற்குக் காரணம் எளிது. எஞ்சினும் பெட்டியும் ஒருவர் தம் வீட்டு மேசையில் செய்துவிடலாம். ஆனால் நிலையம், மலை, பாலம், கைகாட்டி எல்லாம் கொண்ட முழுப்பாதைக்கு இடமும் பல கைகளும் வேண்டும். அதனால்தான் இச்சங்கங்கள் நமக்குப் பாடமாகின்றன. இலக்கிய வட்டத்தில் கருத்து வேறுபாடு வெறும் பேச்சாகக் காற்றில் கரைந்துவிடக்கூடும். இங்கே அது கண்ணெதிரே சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்குவதாக வெளிப்படும்.

அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1935இல் மில்வாக்கி நகரில் உருவானதற்குப் பின்னால் இருந்ததும் இத்தகைய ஒரு முறையீடுதான். ஒரு நிறுவனத்தின் சக்கரம் இன்னொரு நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓடவில்லை. ஒருவர் பெட்டியை மற்றொருவர் பெட்டியோடு கோக்க முடியவில்லை. உறுப்பினரின் குறை அங்கே ‘நன்று, பரவாயில்லை’ என்னும் மதிப்பெண்ணாக வரவில்லை. ‘என் வண்டி உன் பாதையில் ஓடவில்லை’ என்னும் திட்டவட்டமான வாக்கியமாக வந்தது. அவ்வாக்கியத்திற்கு விடையாகச் சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்குமான பொது அளவுகள் பிறந்தன. கருத்துக் கேட்போர் முதலில் கற்க வேண்டியது இதுவே எனக் கருதுகிறேன். உறுப்பினர் சங்கத்தை எவ்வளவு விரும்புகிறார் என்பதைவிட, அவருடைய வண்டி எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதே அறிய வேண்டிய செய்தி.

நம் ஊர்ச் சங்கத்திற்கு வருவோம். அதன் முன் நிற்கும் முதல் சிக்கலே மிகச் சுவையானது. உலகில் மிகுதியாகப் புழங்கும் எச்.ஓ. அளவில் உண்மை ரயில் 87இல் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. கடைகளில் கிடைக்கும் அதன் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1435 மில்லிமீட்டர்ப் பாதைக்கு அது சரியான சுருக்கம். நம்முடைய அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 19.3 வருகிறது. எனவே ஜோலார்பேட்டை நிலையத்தைச் செய்ய முற்படுவோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆயத்தத் தண்டவாளத்தை வாங்கிப் போட்டு, ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் பொய்யோடு வாழலாம். அல்லது ஒவ்வொரு கட்டையையும் தண்டவாளத்தையும் கையால் பதித்து, ஒவ்வோர் எஞ்சினின் சக்கரங்களையும் மாற்றி, உண்மைக்குப் பக்கத்தில் போகலாம்.

இங்கே ‘நம் அமைப்பு உண்மைத் தோற்றத்துடன் இருக்க வேண்டுமா?’ என்று படிவத்தில் கேட்டால் பத்துப் பேரும் ஆம் என்பார்கள். அந்த விடையை வைத்துக்கொண்டு ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. ‘19.3 எனில் தண்டவாளம் பதிக்க வாரத்தில் எத்தனை மணி நேரம் நீங்கள் வருவீர்கள்? 16.5 எனில் அந்தக் குறையோடு உங்களுக்கு உடன்பாடா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து பேர் மௌனமாவார்கள், மூன்று பேர் வாதிடுவார்கள், இருவர் நாள் குறிப்பார்கள். விடையின் விலையை விடை சொல்பவருக்கு முன்கூட்டியே காட்டுவதுதான் நல்ல வினா. விலை எழுதாத வினாவுக்குக் கிடைப்பது வாழ்த்துரை மட்டுமே.

அடுத்தது, கேட்டுப் பெற்ற கருத்துகளை என்ன செய்வது என்பது. நம் நிர்வாகிகளுக்குத் தெரிந்த ஒரே வழி, எல்லாவற்றையும் கூட்டி வகுத்துச் சராசரி காண்பது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் தொடங்கிய மாணவர்களின் மாதிரி ரயில் சங்கத்தை நினைத்துப் பார்க்கலாம். ஸ்டீவன் லெவி 1984இல் வெளியிட்ட ‘ஹேக்கர்ஸ்’ நூல் அதை விரிவாகச் சொல்கிறது. அங்கே இரு கூட்டத்தார் இருந்தனர். ஒரு கூட்டத்தார்க்கு மேசைக்கு மேலே இருந்த ரயிலும் மலையும் ஊரும் உயிர். மற்றவர்க்கு மேசைக்குக் கீழே ஓடிய கம்பிகளும், தொலைபேசி இணைப்பகங்களில் பயன்படும் ரிலேக்களும் உயிர். இவ்விரு கூட்டத்தாரின் விருப்பங்களையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தால் அரைகுறை மலையும் அரைகுறைக் கம்பியும்தான் மிஞ்சியிருக்கும். அப்படி நேரவில்லை. கீழே இருந்தவர்கள் கீழேயே விடப்பட்டார்கள். அவர்களில் சிலர் பின்னர்க் கணிப்பொறிக்கு முன் போய் அமர்ந்தார்கள். 1962இல் உருவான ‘ஸ்பேஸ்வார்’ என்னும் முன்னோடிக் கணிப்பொறி விளையாட்டு அந்தச் சூழலிலிருந்து வந்தது.

ஆனால் எல்லாரையும் அவரவர் போக்கில் விட்டால் சங்கம் எங்கே இருக்கும் என்ற கேள்வி எழும். அதற்கும் இக்கலையே விடை வைத்திருக்கிறது. 1970களின் முற்பகுதியில் கலிபோர்னியாவில் ‘என்ட்ராக்’ என்றொரு முறை உருவாயிற்று. முழு அமைப்பையும் ஓரிடத்தில் கட்டாமல், ஆளுக்கொரு பலகையைத் தம் வீட்டில் செய்துகொண்டு வந்து, கூடும் நாளில் வரிசையாகப் பொருத்துவது அதன் வழி. ஒருவர் பலகையில் பாலைவனம் இருக்கலாம், அடுத்தவர் பலகையில் துறைமுகம் இருக்கலாம். அதைப் பற்றி யாரும் வாக்கெடுப்பதில்லை. ஆனால் பலகையின் இரு முனைகளிலும் தண்டவாளங்கள் குறித்த இடத்தில், குறித்த அளவில் வந்து முடிய வேண்டும். முனை பொருந்தினால் ரயில் பாலைவனத்திலிருந்து துறைமுகத்திற்குத் தடையின்றிப் போய்விடும்.

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்க வேண்டியது முனைகளைப் பற்றி. நடுப்பலகையைப் பற்றி அன்று. எந்த நாள் கூடுவது, எவ்வளவு சந்தா, கணக்கை யார் பார்ப்பது, பொதுக் கருவிகளை யார் எடுத்துச் செல்லலாம், புதியவருக்கு யார் கற்றுத் தருவது என்பன முனைகள். இவற்றில் எல்லாரும் உடன்பட்டாக வேண்டும். ஆகவே எல்லாரையும் கேட்டாக வேண்டும். ஒருவர் அகலப் பாதையின் டீசல் எஞ்சினைச் செய்கிறாரா, மீட்டர் பாதையாக இருந்த காலத்துக் காட்பாடி–விழுப்புரம் வழியின் நீராவி எஞ்சினைச் செய்கிறாரா என்பது நடுப்பலகை. அதில் பெரும்பான்மைக்கு வேலையில்லை. கலையை வாக்கெடுப்பால் நடத்த முடியுமா என்று கேட்கும் நண்பர்களுக்கும் என் மறுமொழி இதுவே: முடியாது, முனைகளை மட்டும் வாக்கெடுப்பால் நடத்தலாம்.

தமிழ் மரபுக்கு இவ்வகைக் கேட்டல் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்று பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. அரங்கேற்றம் என்பது பொன்னாடை போர்த்தும் விழாவாக இன்று சுருங்கிவிட்டது. அன்று அது, நூல் உலகுக்குச் செல்லுமுன் தடை எழுப்பவும் விடை சொல்லவும் அமைந்த இடம். உரையாசிரியர்கள் தடையையும் விடையையும் தம் உரையிலேயே பதிந்து வைத்தார்கள். மாதிரி ரயில் உலகிலும் இதற்கு ஓர் இணை உண்டு. ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியே இயக்கும் எண்முறைக் கட்டுப்பாட்டு நெறியை அமெரிக்கச் சங்கம் வகுத்தபோது, அதை ஏற்பதற்கு முன், 1993 அக்டோபரில் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழில் வரைவாக வெளியிட்டது. முடிவெடுத்த பின் கேட்பது உபசாரம்; முடிவெடுக்கும் முன் கேட்பதே கேள்வி.

இனி, யாரைக் கேட்பது? கூட்டத்திற்கு வந்திருப்போரைக் கேட்பது எளிது. ஆனால் வந்தவர்களுக்குக் கூட்ட நேரம் ஒத்துவந்திருக்கிறது, அதனால்தான் வந்திருக்கிறார்கள். சங்கத்தின் உண்மையான குறை வராமல் நின்றுவிட்டவரிடம் இருக்கிறது. தோல் தொழிலும் காலணித் தொழிலும் நடக்கும் நம் பகுதியில் இது இன்னும் கூர்மையானது. தொழிற்சாலையில் முறைவேலை பார்ப்பவருக்கு ஞாயிறு மாலை ஐந்து மணி என்பது எல்லா வாரமும் ஒன்றாக இராது. காலணித் தொழிற்சாலையில் ஆறு நாள் உழைத்த பெண்ணுக்கு ஏழாம் நாள் வீட்டு வேலை காத்திருக்கும். வாணியம்பாடிக் கூட்டம் இரவு நீண்டால் ஆலங்காயத்துக்காரர் கடைசிப் பேருந்தை எண்ணிப் பாதியில் எழுவார். இரண்டு முறை எழுந்தவர் மூன்றாம் முறை வரமாட்டார். வீட்டில் உருது பேசி வளர்ந்த இளைஞர், செந்தமிழ்ப் படிவத்தைக் கண்டு இது தமக்கன்று என நினைக்கக்கூடும். ஆகவே நின்றுவிட்டவர்களின் பட்டியலை எடுத்து, நிர்வாகி அல்லாத ஒருவர் அவர்கள் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போய் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘நீங்கள் கடைசியாக வந்த நாளில் என்ன நடந்தது?’ இக்கேள்விக்கு மரியாதைக்கான விடை சொல்வது கடினம். நடந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பதினைந்து பேர் உள்ள சங்கத்திற்கு இவ்வளவு எதற்கு, தேநீர் குடிக்கும்போது பேசிக்கொண்டால் போதாதா என்பார் உண்டு. தேநீர்ப் பேச்சின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒலிப்பது தேநீருக்கு நிற்கக்கூடியவர்களின் குரல் மட்டுமே. மேலும் சிற்றூரில் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவு, அண்டை, ஆசிரியர், மாணவர். மூத்தவர் மனம் நோகும் என்று இளையவர் வாயை மூடிக்கொள்வார். பெயரிடாத துண்டுச்சீட்டு ஒரு பெட்டியில் விழுந்தால் அந்தத் தயக்கம் சற்றுக் குறையும். சீட்டு பெயரின்றி இருக்கலாம். நிர்வாகத்தின் மறுமொழி மட்டும் பெயரோடு, அனைவர் முன்னிலையிலும் வர வேண்டும்.

அம்மறுமொழி இல்லாததால்தான் கருத்துக் கேட்பு என்ற சொல்லே நம்மிடம் நகைப்புக்குரியதாகிவிட்டது. கல்லூரிகளில் மாணவரிடம் கருத்துப் படிவம் வாங்குவது இன்று நிலைத்துவிட்ட நடைமுறை. தாம் எழுதியதால் எது மாறியது என்று மாணவருக்கு யாரும் சொல்லாதவிடத்து, அடுத்த ஆண்டு அவர் எல்லாக் கட்டங்களிலும் கண்ணை மூடிக்கொண்டு குறியிடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சங்கத்திற்குத் தேவை ஒரே ஒரு தாள். அதில் மூன்று பத்திகள்: உறுப்பினர் சொன்னது, செய்தது, செய்யாததும் அதன் காரணமும். மூன்றாவது பத்தியே மிக முக்கியமானது. ‘பணமில்லை’ என்று எழுதினாலும் அது மதிப்பே. கேட்டவர்கள் படித்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. அந்தத் தாளை ஒட்டாமல் அடுத்த படிவத்தை அச்சிடுவதில்லை என்று நிர்வாகிகள் உறுதி பூண வேண்டும்.

ரயில் பொம்மைகளைப் பற்றி இவ்வளவா என்று இலக்கிய நண்பர்கள் முகஞ்சுளிக்கலாம். நம் வாசகர் வட்டங்களிலும் முனைகள் எப்போதோ விலகிவிட்டன. நாமோ யார் பெரிய கவிஞர் என்னும் நடுப்பலகைப் போரிலேயே ஆண்டுகளைக் கழித்துக்கொண்டிருக்கிறோம். கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், புதிதாக எழுதும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு எப்போது பேச வாய்ப்பு, நன்கொடைக்குக் கணக்கு எங்கே என்பன தீராமல் நிற்கின்றன. கவிஞர் பற்றிய சண்டை தொடரட்டும். அது இலக்கியத்திற்கு நல்லது. முதலில், கூட்டத்தை ஆலங்காயத்தின் கடைசிப் பேருந்துக்கு அரைமணி முன்னதாக முடிப்போம்.